பால் உறையவில்லை, சீஸ் இழுபடவில்லை: வீட்டுச் சீஸில் எது எங்கே தவறுகிறது? முழுமையான வழிகாட்டி

4 லிட்டர் பாலில் ரென்னட் (பாலை உறையவைக்கும் நொதி) ஊற்றி ஒரு மணி நேரம் காத்திருந்தும் பால் பாலாகவே இருந்தால், எல்லோரும் முதலில் ரென்னட்டைத்தான் சந்தேகிக்கிறார்கள். இன்னொரு பாட்டில் வாங்கி, அளவை இரட்டிப்பாக்கி, இன்னொரு 4 லிட்டரையும் வீணாக்குகிறார்கள். தவறு பெரும்பாலும் அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே, பால் வாங்கிய இடத்திலேயே நடந்து முடிந்திருக்கும்.

பால், சூடு, புளிப்பு, ரென்னட். வீட்டுச் சீஸ் கெடுவது இந்த நான்கில் ஒன்றால்தான். எது என்பதைப் பாத்திரத்தில் இருப்பதைப் பார்த்தே பெரும்பாலும் சொல்லிவிடலாம். இங்கே பீட்ஸாவில் இழுபடும் சீஸான மொசரெல்லாவை மையமாக வைத்திருக்கிறோம். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும், நான்கு வகைத் தவறும் அதில் பளிச்சென்று தெரிந்துவிடும். பனீரும் அழுத்திச் செய்யும் சீஸும் பின்னால் வருகின்றன.

முதலில் பாலைப் பாருங்கள்

நம் வீடுகளில் பால் வந்ததும் காய்ச்சிவிடுவது வழக்கம். ரென்னட் சீஸுக்கு அந்தப் பால் உதவாது. பாலில் இரண்டு வகைப் புரதம் உண்டு. உறைவது கேசீன். உறைவிலிருந்து பிரியும் தெளிநீரோடு போவது வே புரதம். பால் 80 டிகிரியைத் தாண்டிச் சில நிமிடங்கள் கொதித்தால் வே புரதம் உருமாறிக் கேசீன் துகள்களின் மேல் ஒட்டிக்கொள்கிறது. ரென்னட் வெட்ட வேண்டிய இடம் மூடிப்போகிறது. எவ்வளவு ரென்னட் ஊற்றினாலும் அந்தப் பால் உறையாது, அல்லது கூழாக நிற்கும். 135 டிகிரிக்கு மேல் சூடாக்கி அட்டைப் பெட்டியில் வரும் யுஎச்டி பாலுக்கும் இதே கதிதான். மாதக்கணக்கில் வெளியே வைத்தாலும் கெடாத பாலை ரென்னட் சீஸுக்கு வாங்க வேண்டாம். பனீருக்கு அது ஓடும்.

பாக்கெட் பாலில் தேர்வு செய்யும்போது நிறத்தை நம்பாதீர்கள், நிறம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். எழுத்தைப் படியுங்கள். உணவுப் பாதுகாப்பு விதிப்படி சமன்படுத்திய பாலில் 3 சதவீதக் கொழுப்பும் 8.5 சதவீதம் கொழுப்பற்ற திடப்பொருளும் இருக்க வேண்டும். நிலைப்படுத்திய பாலில் 4.5 சதவீதமும் 8.5 சதவீதமும். நிறைகொழுப்புப் பாலில் 6 சதவீதமும் 9 சதவீதமும். மொசரெல்லாவுக்கு 4.5 சதவீதப் பால் பாதுகாப்பான தொடக்கம். 6 சதவீதத்தில் மகசூல் கூடும், ஆனால் இழுக்கும்போது கொழுப்பு கையில் வழியும். 3 சதவீதத்தில் சீஸ் சற்று ரப்பராக வரும். இருநிலை சமன்படுத்திய பாலை விட்டுவிடுங்கள்.

அடுத்துப் பார்க்க வேண்டியது ‘ஹோமோஜெனைஸ்டு’ என்ற சொல். அதிக அழுத்தத்தில் கொழுப்பை நுண்துளிகளாக உடைத்த பால் அது. அந்தத் துளிகள் கேசீனோடு பின்னிக்கொள்வதால் திரள் (பால் உறைந்த கட்டி) மென்மையாகி, வெட்டும்போது நொறுங்கும். சீஸ் செய்யவே முடியாது என்றில்லை, ஆனால் கை நிதானம் வேண்டும். பாக்கெட்டில் எதுவும் எழுதவில்லையா? காய்ச்சாத பாலைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றி இரவு முழுக்கக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். காலையில் மேலே ஏடு திரண்டிருந்தால் ஹோமோஜெனைஸ் செய்யாத பால்.

வேறு மூன்று ஏமாற்றங்களும் உண்டு. பால்பவுடர் கலந்து திடப்பொருள் கூட்டிய பாலில், பவுடர் தயாரிப்பில் பட்ட சூட்டின் அளவுக்கு உறைவு தளரும். புளிப்பு தெரியாமலிருக்கச் சோடா கலந்த பாலில் அளந்து போட்ட அமிலம் போதாது, திரள் இழுபடவும் செய்யாது. மடிவீக்கத்துக்கு ஆன்டிபயாட்டிக் ஊசி போட்ட மாட்டின் பாலில் சீஸ் கல்ச்சர் (பாலைப் புளிக்கவைக்கும் பாக்டீரியா) வளராது. ஒரே செய்முறை ஒரு வாரம் நன்றாக வந்து அடுத்த வாரம் சொதப்பினால் இந்த மூன்றையும் நினைத்துப் பாருங்கள்.

பால்காரரிடம் கறந்த பால் கிடைத்தால் சீஸுக்கு அதுவே சிறந்தது. ஆனால் பச்சையாகப் பயன்படுத்தக் கூடாது. புருசெல்லா, காசநோய், லிஸ்டீரியா கிருமிகள் எல்லாம் பாலில் வரக்கூடியவை. பெரிய பாத்திரத் தண்ணீருக்குள் பால் பாத்திரத்தை வைத்து 63 டிகிரியில் 30 நிமிடம் மாறாமல் நிறுத்துங்கள். பிறகு ஐஸ் தண்ணீரில் இறக்கி வேகமாக 10 டிகிரிக்குக் கீழே கொண்டுவாருங்கள். 75 டிகிரியைத் தாண்டிவிட்டால் அந்தப் பாலைக் காபிக்கு வைத்துக்கொள்ளலாம்.

4 லிட்டரைப் பணயம் வைக்கும் முன் ஒரு டம்ளர் சோதனை

புதிய பால் வகை, புதிய ரென்னட் பாட்டில் எது வந்தாலும் இதைச் செய்யுங்கள். 1 மில்லி திரவ ரென்னட்டைக் கொதித்து ஆறிய 60 மில்லி தண்ணீரில் கலக்குங்கள். காய்ச்சாத பால் 250 மில்லியை 32 டிகிரிக்குச் சூடாக்கி, அந்தக் கரைசலில் 15 மில்லியை ஊற்றி அரை நிமிடம் கலக்கி அசைக்காமல் விடுங்கள். சீஸ் செய்யும்போது போடுவதைவிட இது மூன்று மடங்குக்கு மேல் அதிகம், அதனால் விளைவு சீக்கிரம் தெரியும். 2 நிமிடத்தில் மேலே மெல்லிய படலம் தொடங்கி, 6 அல்லது 7 நிமிடத்தில் கத்தி கீறிய கோடு மூடாமல் நின்றால் பாலும் ரென்னட்டும் நலம்.

10 நிமிடம் கழித்தும் நீராகவே இருந்தால் வேறு நிறுவனப் பாலில் அதே ரென்னட்டை வைத்துச் சோதியுங்கள். அது உறைந்தால் முதல் பால்தான் குற்றவாளி. அதுவும் உறையாவிட்டால் ரென்னட் செத்துவிட்டது. 250 மில்லி பாலோடு முடிகிற விஷயம் இது.

பாத்திரம், வெப்பமானி, துணி

எவர்சில்வர் பாத்திரம் போதும், அடி கனமாக இருக்கட்டும். அலுமினியமும் ஈயம் பூசாத பித்தளையும் அமிலத்தோடு சேரக் கூடாது. வெப்பமானி இல்லாமல் விரலை வைத்துச் சூடு பார்ப்பது தயிருக்குச் சரி, மொசரெல்லாவுக்குப் போதாது. புது வெப்பமானியை நம்பும் முன், நொறுக்கிய ஐஸும் தண்ணீரும் கலந்த டம்ளரில் 0 டிகிரி காட்டுகிறதா பாருங்கள். கொதிநீரில் 100 காட்ட வேண்டும் என்பது சமவெளிக்குத்தான். ஊட்டி, கொடைக்கானல் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும், வெப்பமானியைக் குறை சொல்லாதீர்கள்.

வடிகட்ட மல்துணி அல்லது பழைய வேட்டித் துணி. சோப்பு வாசனை போகக் கொதிநீரில் 5 நிமிடம் போட்டெடுத்தது. 0.1 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு ஒன்று இருந்தால் சிட்ரிக் ஆசிட் விஷயத்தில் பாதித் தலைவலி குறையும். கரண்டி அளவு தூளின் நயத்துக்கேற்ப மாறுகிறது.

அடிப்படைச் செய்முறை

தவறைக் கண்டுபிடிக்கச் சரியானது எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டும். 4 லிட்டர் பாலுக்கான அளவு இது.

1. 7 கிராம் சிட்ரிக் ஆசிட்டை 200 மில்லி ஆறிய தண்ணீரில் முழுதாகக் கரையுங்கள். பால் எருமைப்பால் அதிகம் கலந்தது என்றால் 8 கிராம். எருமைப்பால் புளிப்பை அதிகம் தாங்கும்.

2. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த பாலைப் பாத்திரத்தில் ஊற்றி, குளிர்ச்சி குறையும் முன்பே அமிலக் கரைசலை நூலாக ஊற்றியபடி விடாமல் கலக்குங்கள். பால் சூடேறிய பிறகு ஊற்றினால் அமிலம் விழும் இடத்திலேயே திரிந்து குருணை தட்டும்.

3. மிதமான தீயில் மெதுவாக 32 டிகிரி. இந்தக் கட்டத்தில் பால் லேசாகத் திரிந்ததுபோல் தெரியலாம், பயப்பட வேண்டாம்.

4. அடுப்பை அணைத்துவிட்டு, 1.25 மில்லி திரவ ரென்னட்டைக் கொதித்து ஆறிய 60 மில்லி தண்ணீரில் கலந்து ஊற்றுங்கள். மாத்திரை, தூள் என்றால் உறையில் 4 லிட்டருக்குச் சொன்ன அளவு. கரண்டியை மேலும் கீழுமாக 30 விநாடி அசைத்து நிறுத்துங்கள். பால் சுழன்றுகொண்டிருந்தால் கரண்டியைக் குறுக்கே பிடித்து நிறுத்துங்கள்.

5. மூடி வைத்து 5 முதல் 10 நிமிடம். பாத்திரத்தைத் தொடவோ ஆட்டவோ கூடாது.

6. கத்தியைச் சாய்வாக நுழைத்து மெல்லத் தூக்குங்கள். திரள் ஓரம் கூர்மையாகப் பிளந்து, பிளவில் பச்சை கலந்த மஞ்சள் தெளிநீர் நின்றால் வெட்டலாம். இரண்டரை சென்டிமீட்டர் சதுரங்களாக நெடுக்கும் குறுக்கும் வெட்டி 5 நிமிடம் விடுங்கள்.

7. மிகச் சிறு தீயில் மெல்லத் திருப்பிவிட்டபடி 40 டிகிரி வரை கொண்டுபோய், அணைத்து, இன்னும் 3 நிமிடம் மெதுவாகக் கிளறுங்கள். துண்டுகள் சுருங்கிப் பளபளக்கும்.

8. ஜல்லிக் கரண்டியால் துணிக்கு மாற்றி 10 நிமிடம் வடியவிடுங்கள். பிழிய வேண்டாம்.

9. 80 முதல் 85 டிகிரித் தண்ணீரில் துண்டுகளைப் போட்டுக் கரண்டியால் மடித்து மடித்துச் சேருங்கள். திரளின் உள்சூடு 57 டிகிரியைத் தொட்டதும் இழுபடத் தொடங்கும். ஐந்தாறு முறை இழுத்து மடித்து, பளபளப்பு வந்ததும் உருண்டை பிடித்து ஐஸ் தண்ணீரில் போடுங்கள். தடித்த ரப்பர் கையுறை இல்லாமல் இந்த வேலைக்கு இறங்காதீர்கள்.

நல்ல பாலில் 4 லிட்டருக்கு 400 முதல் 550 கிராம் வரை எதிர்பார்க்கலாம்.

பால் உறையவே இல்லை

பாலைச் சோதித்தாகிவிட்டது, அது நலம் என்றால் ரென்னட் ஊற்றிய விதத்தைப் பாருங்கள். குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரின் ரென்னட்டைக் கெடுத்துவிடும். அதனால்தான் ஒவ்வொரு இடத்திலும் கொதித்து ஆறிய தண்ணீர் என்று சொல்லப்படுகிறது. கலக்கிய ரென்னட்டை அரை மணி நேரம் மேடையில் வைத்திருந்தாலும் வீரியம் போய்விடும், ஊற்றும் நொடிக்கு முன்தான் கலக்க வேண்டும். சூடான தண்ணீரில் கலப்பது இன்னொரு பழக்கம். 55, 60 டிகிரியில் ரென்னட் செயலிழக்கும்.

பாட்டிலின் வயதும் உண்டு. திரவ ரென்னட் குளிர்சாதனப் பெட்டியின் உள்தட்டில் இருக்க வேண்டும், கதவில் அல்ல. மாத்திரையையும் தூளையும் ஈரம் படாமல் உறைநிலைப் பெட்டியில் வைக்கலாம். இரட்டை வீரியம் என்று எழுதியிருந்தால் அளவைப் பாதியாக்குங்கள். நம் ஊரில் சைவ முத்திரையோடு கிடைப்பது பெரும்பாலும் பூஞ்சையிலிருந்து எடுத்த ரென்னட். வேலை செய்யும் விதம் ஒன்றுதான், ஆனால் நாள்பட வைக்கும் சீஸில் அளவு மிஞ்சினால் கசப்பு தட்டும்.

உறைவு வருகிறது, ஆனால் தளதளவென்று தயிர்போல இருக்கிறது, பிளவில் வெள்ளையாக நீர் கசிகிறது என்றால் இன்னும் 5 நிமிடம் பொறுங்கள். அரை மணி நேரத்துக்கும் மாறவில்லையென்றால் பாலில் கரைந்திருக்கும் கால்சியம் குறைவு. பாஸ்டரைஸ் செய்வதும் (கிருமி சாகச் சூடாக்குவது) பல நாள் குளிரில் வைப்பதும் அதைக் குறைத்துவிடும். அடுத்த முறை உணவுத்தரக் கால்சியம் குளோரைடு 30 சதவீதக் கரைசலில் 4 லிட்டருக்கு 1.25 மில்லி எடுத்து, 50 மில்லி தண்ணீரில் கலந்து, ரென்னட்டுக்கு முன் சேருங்கள். மொசரெல்லாவில் மட்டும் கஞ்சத்தனமாக இருங்கள். இழுபடுவதற்குத் திரளிலிருந்து கால்சியம் விலக வேண்டும், நாமோ கூடுதலாகக் கொட்டுகிறோம். முதலில் சேர்க்காமல் செய்து பாருங்கள், வெட்டும்போது நொறுங்கினால் பாதி அளவு சேருங்கள்.

உறையாமல் போன பாலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். அமிலம் ஏற்கெனவே கலந்திருப்பதால் 85, 90 டிகிரிக்குச் சூடாக்கினாலே பெரும்பாலும் திரிந்துவிடும். திரியாவிட்டால் கொஞ்சம் எலுமிச்சைச் சாறு. வடிகட்டினால் மென்மையான பனீர் கிடைக்கும். உள்ளே போன ரென்னட்டால் ஒரு தீங்கும் இல்லை.

தூள்தூளாக உடைகிறது, தெளிநீர் வெள்ளையாக இருக்கிறது

தெளிநீர் பால்போல வெளுத்திருந்தால் கொழுப்பும் புரதமும் அதில் போய்க்கொண்டிருக்கின்றன, மகசூலும் குறையும். பொறுமை போதாமல் முன்கூட்டியே வெட்டியது, வெட்டியவுடன் ஓய்வு கொடுக்காமல் கிளறியது, கீரை கடைவதுபோல் வேகமாகக் கிளறியது ஆகிய மூன்றும்தான் வழக்கமான காரணங்கள். வெட்டிய 5 நிமிட ஓய்வில் துண்டுகளின் மேல் மெல்லிய தோல் ஒன்று உருவாகிறது, அதுதான் கிளறலைத் தாங்குவது.

இவை எல்லாம் சரியாக இருந்தும், 40 டிகிரிக்குக் கொண்டுபோகும்போது துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் ரவைபோலப் பிரிந்து நின்றால் அது பால் ஆலையில் பட்ட அதிகச் சூட்டின் அடையாளம். பாஸ்டரைஸ் செய்வதற்கு 72 டிகிரியில் 15 விநாடி போதும். நாள் அதிகம் தாங்க வேண்டும் என்று அதற்கு மேல் சூடேற்றிய பால்தான் இப்படி நடந்துகொள்ளும். செய்முறையை மாற்றிப் பயனில்லை, பாலை மாற்றுங்கள். கையில் உள்ளதை உப்பும் பச்சை மிளகாயும் கொத்தமல்லியும் சேர்த்துப் பிசைந்தால் சப்பாத்திக்குள் வைக்க நல்ல பூரணம்.

இழுபடவில்லை

மொசரெல்லாவில் அதிகம் அழவைக்கும் கட்டம் இதுதான். இதில் அவசரப்பட்டு எதையும் தூக்கிப் போடக் கூடாது. எல்லாத் திரளையும் ஒரே நேரத்தில் சூடான தண்ணீரில் போடாமல், முதலில் ஒரு எலுமிச்சை அளவு மட்டும் 80 டிகிரித் தண்ணீரில் 2 நிமிடம் போட்டு இழுத்துப் பாருங்கள். மீதி பாத்திரத்தில் பத்திரமாக இருக்கட்டும்.

அந்தத் துண்டு என்ன செய்கிறது என்பதில்தான் விடை இருக்கிறது.

சூடேறியும் விறைப்பாக நின்று, இழுத்தால் பிய்ந்து, வெட்டுவாய் முறிந்ததுபோல் தெரிந்தால் புளிப்பு போதவில்லை. கேசீன் இழைகளைப் பிணைத்து வைத்திருப்பது கால்சியம். புளிப்பு ஏற ஏற அது கரைந்து விலகி, இழைகள் நழுவ இடம் கிடைக்கிறது. கல்ச்சர் போட்டுச் செய்யும் மொசரெல்லாவில் அந்த நிலை பிஎச் (புளிப்பின் அளவு, எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 5.2 வாக்கில் வரும். சிட்ரிக் ஆசிட் தானே கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் இந்த முறையில் 5.6 முதல் 5.8 வரையிலேயே இழுபடும். கல்ச்சர் முறையில் திரளை வெதுவெதுப்பாக வைத்து 20 நிமிடத்துக்கு ஒருமுறை இழுத்துப் பார்த்தால் போதும், நேரமே மருந்து. சிட்ரிக் முறையில் திரள் தானாகப் புளிக்காது. அடுத்த முறை அரை கிராம் கூட்டுங்கள். இந்த முறை வந்ததை உப்பிட்டு அழுத்திவைத்தால் வறுக்கக்கூடிய சீஸாகிவிடும்.

துண்டு தண்ணீரில் கரைந்து குழைந்து, தண்ணீர் வெள்ளையாகி, கையில் மாவாக ஒட்டினால் புளிப்பு மிஞ்சிவிட்டது. இதைத் திருப்ப வழியில்லை. அடுத்த முறை அரை கிராம் குறையுங்கள். கோடையில் கல்ச்சர் முறையில் இது அடிக்கடி நடக்கும். 35 டிகிரிச் சமையலறையில் திரளை வைத்துவிட்டுக் கடைக்குப் போய் வந்தால் அது தாண்டிப் போயிருக்கும்.

மூன்றாவது வகை சூட்டுக் குறைவு. துண்டு லேசாக நீண்டு, பிறகு சொரசொரப்பாகக் கிழிந்தால் உள்சூடு 57 டிகிரியைத் தொடவில்லை. தண்ணீர் சூடாக இருக்கிறது என்பதற்காகத் திரளும் சூடாகிவிட்டது என்று அர்த்தமில்லை. வெப்பமானியைத் துண்டுக்குள் குத்திப் பாருங்கள். திரளை இரண்டு சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டிப் போட்டால் சீராகச் சூடேறும். நடுவில் தண்ணீர் 70க்குக் கீழே போய்விட்டால் மாற்றுங்கள்.

காகிதப் பட்டையில் பிஎச் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 5.2க்கும் 5.6க்கும் உள்ள வேறுபாட்டைப் பால் ஒட்டிய பட்டையின் நிறத்தில் பிரித்துப் பார்ப்பது கடினம். மின்னணு மீட்டர் வாங்க முடியாதென்றால் பட்டைக்குச் செலவழிப்பதைவிட இழுத்துப் பார்க்கும் சோதனையே நம்பகமானது.

இழுபட்டது, ஆனால் ஆறியதும் அழிரப்பர்போல இருக்கிறதா? அதிகம் பிசைந்திருக்கிறீர்கள், அல்லது 40 டிகிரிக் கட்டத்தில் நெடுநேரம் விட்டு ஈரத்தை இழந்திருக்கிறீர்கள். பளபளப்பு வந்ததும் கையை எடுத்துவிட வேண்டும்.

உப்பும் சேமிப்பும்

1 லிட்டர் தண்ணீருக்கு 250 கிராம் உப்பு, அதாவது 20 சதவீதக் கரைசல். குளிர்ந்த 100 கிராம் உருண்டை அதில் 20 முதல் 30 நிமிடம் கிடந்தால் போதும். சூடான உருண்டையைப் போட்டால் உப்பு தாறுமாறாக ஏறும்.

சாதாரணத் தண்ணீரில் சேமித்த மொசரெல்லா இரண்டாம் நாளே மேலே வழவழப்பாகிறது என்ற புகார் அடிக்கடி வரும். பெரும்பாலும் அது கெட்டுப்போனதல்ல. தண்ணீரில் உப்பும் கால்சியமும் இல்லாததால் சீஸின் மேற்பரப்பிலிருந்து அவை வெளியேறி, தோல் கரைகிறது. இழுக்கும் முன் வடித்த தெளிநீரில் லேசாக உப்புப் போட்டு, அதில் மூழ்கவைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். 3 நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். பீட்ஸாவுக்கென்றால் துருவி உறைநிலைப் பெட்டியில் வைப்பது நல்லது. உருண்டையாக உறையவைத்தால் உருகும்போது நொறுங்கும்.

பனீர்: சின்னச் சின்னக் கோளாறுகள்

பனீருக்கு ரென்னட் இல்லை, அதனால் காய்ச்சிய பாலும் ஆகும். 1 லிட்டர் நிறைகொழுப்புப் பாலை 90 டிகிரிக்குக் காய்ச்சி, 80க்கு ஆறவிட்டு, 2 கிராம் சிட்ரிக் ஆசிட்டை 200 மில்லி சூடான தண்ணீரில் கரைத்து மெதுவாகச் சேர்த்து, தெளிநீர் பச்சை மஞ்சளாகத் தெளிந்த நொடியில் நிறுத்த வேண்டும். எலுமிச்சையின் புளிப்பு பழத்துக்குப் பழம் மாறுவதால் 2, 3 மேசைக்கரண்டி என்பது குத்துமதிப்பு. தெளிவைப் பார்த்தே நிறுத்துங்கள்.

தெளிநீர் வெளுத்தே இருந்தால் புளிப்பு போதவில்லை, அல்லது சூடு 70க்குக் கீழே இறங்கிவிட்டது. சிறு தீயில் வைத்து இன்னும் கொஞ்சம் சேருங்கள். திரிந்த பிறகும் கொதிக்கவிட்டால் பனீர் ரப்பராகும். புளிப்பு மிஞ்சினால் மணல்மணலாகி, குழம்பில் போட்டதும் உதிரும். பசும்பால் பனீர் எருமைப்பால் பனீரைவிட உதிரும் தன்மை கொண்டது, அதைக் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். துணியோடு சூடாக இருக்கும்போதே 2, 3 கிலோ எடை வைத்து 20 நிமிடம் அழுத்தி, பிறகு 2 மணி நேரம் ஐஸ் தண்ணீரில் போட்டால் துண்டு ஓரம் கூராக நிற்கும்.

பனீர் தண்ணீரிலிருந்து ரிக்கோட்டா (தெளிநீரைச் சூடாக்கித் திரட்டும் மென்மையான சீஸ்) எடுக்கப் பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள். 90 டிகிரிச் சூட்டில் வே புரதமும் பனீரோடு சேர்ந்தே வந்துவிட்டது, மிச்சம் ஒன்றும் இல்லை. மொசரெல்லா வடித்த தண்ணீரை 90க்கு மேல் சூடாக்கினால் ஒரு கைப்பிடி கிடைக்கும். அதற்கு எரிவாயு செலவு கட்டுபடியாகுமா என்பது வேறு கணக்கு. ரசத்துக்கும் சப்பாத்தி மாவுக்கும் அந்தத் தண்ணீர் அருமையானது.

அழுத்திப் பதப்படுத்தும் சீஸ்

செடார் போன்றவற்றுக்கு 10 முதல் 13 டிகிரிச் சூடும் 80, 85 சதவீத ஈரப்பதமும் மாதக்கணக்கில் வேண்டும். குளிர்சாதனப் பெட்டி 4 டிகிரி, அதில் சீஸ் காய்ந்து வெடிக்கும், சுவையும் வளராது. சென்னை, மதுரை அறைச் சூட்டில் கொழுப்பு வியர்த்து வழியும். சூட்டைக் கூட்டிக் குறைக்கக்கூடிய சிறிய பெட்டி ஒன்று இல்லாதவரை சமவெளிக்காரர்கள் இதில் இறங்காமலிருப்பதே பாலுக்கு மரியாதை. இறங்கியவர்களுக்குச் சில குறிப்புகள்.

உறைவு நேரத்தைக் கடிகாரத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ரென்னட் கலந்ததும் ஒரு சின்ன பிளாஸ்டிக் கிண்ணத்தைப் பால் மேல் மிதக்கவிட்டு, நிமிடத்துக்கு ஒருமுறை விரலால் லேசாகச் சுழற்றுங்கள். சுழல மறுக்கும் நேரத்தைக் குறியுங்கள். ரென்னட் ஊற்றியதிலிருந்து அது 12 நிமிடம் என்றால், செடாருக்கு அதன் மூன்று மடங்கான 36 நிமிடத்தில் வெட்ட வேண்டும். பால் மாறினாலும் ரென்னட் மாறினாலும் இந்தக் கணக்கு தன்னைத் திருத்திக்கொள்ளும்.

முதலிலேயே பெரிய எடை வைத்தால் வெளித்தோல் மூடிக்கொண்டு தெளிநீர் உள்ளே சிக்கும். சில வாரங்களில் உள்ளே புளித்து ஈரப் புள்ளிகள் விழும். சின்ன எடையில் தொடங்கி, அரை மணிக்கொருமுறை திருப்பிப் போட்டுக் கூட்டிக்கொண்டே போங்கள். எடுத்துப் பார்க்கும்போது மேற்பரப்பில் பிளவுகள் மூடாமலிருந்தால் திரள் ஆறிப்போயிருக்கிறது. வெதுவெதுப்பான தெளிநீரில் ஒரு நிமிடம் முக்கி மறுபடி அழுத்தலாம்.

கசப்பு வந்தால் ரென்னட் மிகுதி, உப்புக் குறைவு, ஈரம் மிகுதி என்ற வரிசையில் சந்தேகியுங்கள். நொறுங்கிப் புளித்தால் அமிலம் மிஞ்சியது. கல்ச்சரின் அளவையோ நேரத்தையோ குறையுங்கள், இரண்டையும் ஒரே முறையில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

ஒன்றை மட்டும் காப்பாற்ற முயலாதீர்கள். அழுத்தத்தில் வைத்த முதல் இரண்டு நாளுக்குள் சீஸ் பஞ்சுபோல் உப்பி, வெட்டினால் எங்கும் ஊசித்துளைகளாக இருந்தால், அல்லது வெட்டிய திரள் துண்டுகள் தெளிநீரில் மிதக்கத் தொடங்கினால், பெரும்பாலும் கோலிபார்ம் பாக்டீரியா வாயு கிளப்பியிருக்கிறது. துணி, கரண்டி, கை, சரியாகப் பாஸ்டரைஸ் ஆகாத பால் ஆகியவை வழியாக வருவது. சுவைத்துக்கூடப் பார்க்காமல் கொட்டிவிட்டு, எல்லாப் பாத்திரத்தையும் கொதிக்கவையுங்கள். இளஞ்சிவப்பு, கருப்புப் பூஞ்சை படர்ந்த ஈரச் சீஸுக்கும் இதே தீர்ப்பு. நாள்பட்ட கெட்டிச் சீஸின் மேல் வெள்ளையாகவோ நீலமாகவோ திட்டு தோன்றினால் உப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைக்கலாம், உள்ளே இறங்கியிருந்தால் சுற்றிலும் இரண்டரை சென்டிமீட்டர் ஆழமாக வெட்டி நீக்க வேண்டும்.